விரிசல் விடாத லான்சர்

கண்டிக்குள் பஸ் நுழைந்த பத்தாவது நிமிடத்தில் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். அதற்குள்ளேயே பதினோரு பழைய ஜப்பான் கார்கள் கண்ணில் பட்டுவிட்டன. நாலு சன்னி, மூன்று லான்சர், மீதியெல்லாம் நான் முகம் பார்ப்பதற்குள் நெரிசலில் நழுவிப் போனவை. எங்கள் கோயமுத்தூரில் இப்படி ஒரு வண்டி தெருவில் போனால் டீ கிளாஸும் கையுமாக ஆட்கள் கடையை விட்டு வெளியே வந்து நிற்பார்கள். இங்கே ஒன்றின் கூரையில் மெத்தை கட்டியிருந்தது. இன்னொன்றின் டிக்கி பாதி திறந்திருக்க, உள்ளேயிருந்து ஓர் ஆடு என்னைப் பார்த்தது. "அடப்பாவிகளா, அது லான்சர்டா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்து சீட் பெண்மணி தன் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

கண்டிக்கு வருகிறவர்கள் புத்தரின் பல் இருக்கிற தலதா மாளிகைக்குப் போவார்கள், ஏரியைச் சுற்றுவார்கள். நான் வந்தது ஒரு விரிசலுக்காக. சரியாகச் சொன்னால், இல்லை என்று ஒருவர் சத்தியம் செய்த விரிசல் நிஜமாகவே இல்லையா என்று பார்ப்பதற்காக.

நானும் அண்ணனும் பழைய ராலி கார்களைத் தயார்செய்கிறவர்கள். பீளமேட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகைதான் எங்கள் பட்டறை. வெல்டிங், இன்ஜின், சஸ்பென்ஷன் எல்லாம் அண்ணன். பழைய படங்கள், கையேடுகள், போட்டி விதிகள், எந்த வருஷத்து வண்டிக்கு எந்த போல்ட் என்கிற ஆராய்ச்சி எல்லாம் நான். போட்டியன்று அண்ணன் ஓட்டுவான். நான் இடப்பக்க சீட்டில் உட்கார்ந்து, அடுத்த வளைவு எந்தப் பக்கம், எவ்வளவு கூர், எத்தனை மீட்டரில் என்று குறிப்பேட்டைப் பார்த்து எண்களாகச் சொல்வேன். இருபது வருஷமாக இதுதான் எங்கள் பிழைப்பு, இதுதான் பைத்தியம்.

மூன்று மாதத்துக்கு முன்னால், இரண்டு வருஷம் இழைத்து இழைத்துக் கட்டிய எங்கள் லான்சரை ஒரு மண் பாதையில் சோதனைக்கு எடுத்துப் போனோம். அந்தக் காரின் பானெட்டைத் திறந்தால் இரண்டு பக்கமும் கவிழ்த்துவைத்த சொம்பு மாதிரி ஓர் இரும்பு மேடு இருக்கும். டவர் என்போம். முன்சக்கரம் வாங்கும் அடியெல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தபோது இடப்பக்க டவர் கிழிந்தது. சக்கரம் உள்ளே மடிந்து, கார் கரையில் ஏறி, என் பக்கமாகச் சாய்ந்து படுத்தது. அண்ணனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. எனக்குக் காறை எலும்பு முறிந்தது.

எலும்பு கூடிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு அந்த சீட்டில் என்னால் உட்கார முடியவில்லை. பட்டறையில் சும்மா நிற்கிற காரில்கூட. கதவைத் திறப்பேன், ஒரு காலை உள்ளே வைப்பேன், உள்ளங்கை நனைந்துவிடும். "இரு, டீ குடிச்சிட்டு வர்றேன்" என்று நழுவிவிடுவேன். வெட்கக்கேடு. அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு நாள் சொன்னான்: "நீ உக்காரலைன்னா நான் ஓட்டலை அம்மிணி. வேற ஆளை உக்கார வெக்கறதுக்கு வித்துப்போடலாம்."

அந்த வாரம்தான், பழைய ராலி கார்களுக்கான ஒரு இணையக் குழுவில் கண்டிக்குப் பக்கத்து மடவளையிலிருந்து ரிஸ்வான் என்பவர் ஒரு படம் போட்டிருந்தார். எங்கள் வண்டியின் அதே வருஷத்து, அதே மாதிரி லான்சர். அவருடைய அப்பா அதை மலைப் பாதைகளில் ராலி ஓட்டியிருக்கிறார். "டவர் ஒரு நாளும் வெடிக்கேல்ல" என்று எழுதியிருந்தார். வெடிப்பு என்றால் அங்கே விரிசல். நான் நம்பவில்லை. இந்த வண்டியில் டவர் விரிசல் விடாமல் இருப்பதும் மழையில் நனையாமல் வருவதும் ஒன்றுதான் என்பது என் அனுபவம். போட்டி விதிப்படி அந்தக் காலத்தில் செய்த பலப்படுத்தலைத்தான் நாங்களும் செய்யலாம், புதிதாக எதையும் சேர்க்க முடியாது. ஆகவே அந்த டவரை நேரில் பார்த்து, அளந்து, படம் எடுத்துவந்தே ஆகவேண்டும். அண்ணனைக் கூப்பிட்டேன். பட்டறையை யார் பார்ப்பது என்றான். பட்டறையில் அப்போது இருந்தது ஒரே ஒரு கார், அதுவும் எங்களுடைய உடைந்த கார். என்ன காரணமோ, மூன்று மாதமாக வந்த வண்டியையெல்லாம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தான். எனக்கு எரிச்சல் வந்தது. போடா என்று தனியாகவே கிளம்பிவிட்டேன்.

விரிசல் கண்டுபிடிக்கும் சிவப்புச் சாய ஸ்ப்ரேயை விமான நிலையத்தில் பிடுங்கிக்கொண்டார்கள். எரியக்கூடியதாம். நான்தான் எரிந்துகொண்டிருந்தேன்.

கண்டியில் தங்குமிடம் ஒரு செங்குத்தான ஏற்றத்தின் உச்சியில். அந்த ஊரில் ஆட்டோவுக்குப் பெயர் த்ரீவீல். பாதி ஏற்றத்தில் அது மூச்சு வாங்கி நின்றுவிட, ஓட்டுநர் திரும்பி என்னைப் பார்த்தார். என் எடையைப் பார்த்தார் என்று சொல்வதுதான் சரி. இறங்கித் தள்ளினேன். மேலே வந்ததும் அவர் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். விடுதிக்காரர் தமிழில் சொன்னார்: "இண்டியாக்காரங்க ஹோர்ன் மட்டும்தான் அடிப்பாங்கன்னு நெனச்சாராம், தள்ளவும் தெரியுதேங்கிறார்." கோபப்படலாம் என்று யோசிப்பதற்குள் நானும் சிரித்துவிட்டேன். உண்மைதான், அந்த நெரிசலிலும் ஹாரன் சத்தம் எங்கள் காந்திபுரத்தில் பாதிகூட இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் பாணும் பருப்பும் தேங்காய்ச் சம்பலும். பாண் என்பது நம்ம பிரெட்தான், ஆனால் நாம் காய்ச்சல்காரனுக்குக் கொடுக்கும் வஸ்துவை இவர்கள் சம்பலில் புரட்டி விருந்தாக்கிவிடுகிறார்கள். நாலு துண்டு தின்றுவிட்டுக் கட்டுகஸ்தோட்டைப் பாலம் வழியாக மடவளை பஸ் பிடித்தேன். பாலத்தின் கீழே மகாவலி கலங்கி, அகலமாக, அவசரமில்லாமல் போனது.

ரிஸ்வானுக்கு ஐம்பது வயதிருக்கும். மடவளைக் கடைத்தெருவில் ஹார்ட்வேர் கடை, பின்னால் வீடு. என்னைப் பார்த்ததும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இரிங்க அக்கா, இரிங்க. மொதல்ல பிளேன்டீ குடிங்க. கார் எங்கயும் ஓடாது."

உள்ளேயிருந்து அவர் மனைவி நஸீராவின் குரல் வந்தது. "கார் ஓடும். அவர்தான் அத விட்டுட்டு எங்கயும் ஓட மாட்டார். மொதப் பொண்டாட்டி அதுதானே."

நஸீரா பள்ளிக்கூட ஆசிரியை. அன்று எனக்காகவே லீவு போட்டிருந்தார். மூன்று மடக்கில் டீயை முடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன். அங்கே நின்றது.

நான் எத்தனையோ பழைய கார்களைப் பார்த்திருக்கிறேன். துடைத்து, மெழுகு பூசி, கயிறு கட்டி, தொடாதே என்று எழுதிவைத்தவை. இது அப்படி இல்லை. ஆரஞ்சு நிறம் வெளுத்து மாம்பழத் தோல் மாதிரி ஆகியிருந்தது. பின்சீட்டைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் குழாய்கள் அடுக்கியிருந்தன. ஆனால் கதவைத் திறந்து சாத்தினேன், டப் என்று ஒரே ஒரு சத்தம். ஐம்பது வருஷத்துக் கதவு! எங்கள் கார் கதவைச் சாத்த அண்ணன் இடுப்பால் ஓர் இடி கொடுக்க வேண்டும்.

"வாப்பாட கார்" என்றார் ரிஸ்வான். "வாப்பா ராலி ஓடின. நான் கடைச் சாமான் ஏத்துற, புள்ளைகள ஸ்கூல்ல விடுற. எல்லாம் இதுலதான். வெளியால இருந்து வண்டி வராம இருந்த வருஷங்கள்ல எத்தன பேர் வந்து கேட்ட தெரியுமா? குடுக்கேல்ல."

பானெட்டைத் தூக்கினேன். இரண்டு டவரிலும் கட்டி கட்டியாகத் தார் பூசியிருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று படைத்தவனுக்கே தெரியாது. சுரண்டிப் பார்க்க வேண்டும் என்றேன். ரிஸ்வானின் முகம் மாறியது.

"சொறண்ட வேணாம் அக்கா. அது வாப்பா அவர்ட கையால பூசின."

எனக்குப் பொறுமை என்பது எப்போதுமே கொஞ்சம் தட்டுப்பாடு. "தாரை மேலே பார்த்துட்டு வெடிக்கலைன்னு எப்படிங்க சொல்றீங்க? உள்ளே நாலு துண்டாக்கூட இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த இடத்தில், டீ குடித்த வாய் காயும் முன்னால். ரிஸ்வான் பானெட்டை மெதுவாக இறக்கினார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

நஸீரா பக்கத்தில் வந்தார். "நீங்க ஏன் அந்தத் தோள இப்படிப் பிடிச்சிட்டே ஈக்கிறீங்க?" என்று கேட்டார். பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. சொன்னேன். பள்ளம், டவர், கார் படுத்தது, எலும்பு, எல்லாம். உட்கார முடியாமல் இருப்பதையும் சொன்னேன். எங்கள் ஊரில் ஒருவரிடமும் சொல்லாததை, பெயர் தெரிந்து அரைமணி ஆகாத மனுஷியிடம் கொட்டிவிட்டேன்.

ரிஸ்வான் கடைக்குள் போய் ஒரு புது சுரண்டியோடு வந்தார். "நானே சொறண்டுறேன்" என்றார். "வெடிப்பு ஈந்தா புள்ளைகள இதுல ஏத்த ஏலாது. எனக்கும் தெரியத்தானே வேணும்." குரல் சரியாக இல்லை. அப்பா விட்டுப்போன ஒரு நம்பிக்கையை அவர் என் பேச்சுக்காகச் சுரண்டப் போகிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஒரு மணி நேரம் சுரண்டினார். தார் பாளம் பாளமாக உதிர்ந்தது. உள்ளே டவரைச் சுற்றி ஒரு கனத்த தகடு தெரிந்தது. அதன் வெல்டிங்கைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஓர் அங்குலம் ஒட்டியிருந்தது, ஓர் அங்குலம் ஒட்டாமல் விட்டிருந்தது, மறுபடியும் ஓர் அங்குலம். தகட்டின் மூலைகளெல்லாம் உருண்டையாக அரத்தால் ராவியிருந்தன. அண்ணன் வெல்டிங் செய்தால் தகட்டைச் சுற்றி ஒரே கோடாக ஓடும், நடுவில் ஓர் இடத்தில் கை நின்றது தெரியாது. மற்ற பட்டறைக்காரர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போவார்கள். இதைச் செய்தவன் வெல்டிங் ராடு மிச்சம் பிடித்திருக்கிறான் என்று நினைத்தேன். நல்லவேளை, இந்த முறை வாயைத் திறக்கவில்லை.

என் சாய ஸ்ப்ரே போய்விட்டதால் பழைய வழிதான். மண்ணெண்ணெயைப் பூசி, ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, மேலே சாக்பீஸ் பொடியைத் தடவ வேண்டும். விரிசல் இருந்தால் அதற்குள் போன எண்ணெய் மெல்லக் கசிந்து, வெள்ளைப் பொடியில் ஈரக் கோடாகத் தெரியும். சாக்பீஸ் வேண்டும் என்றேன். "வெண்கட்டியா? அதுக்கு இந்த வீட்டுல பஞ்சமில்ல" என்று நஸீரா ஒரு பெட்டியையே கொண்டுவந்தார். பொடித்துத் தடவி முடிக்கவும் பாங்கு சொல்லவும் சரியாக இருந்தது. ரிஸ்வான் கை கழுவினார்.

"நான் ஜும்மாவுக்குப் போய்ட்டு வாறேன். நான் வர்றவரைக்கும் பாக்காதீங்க" என்றார். அவர் இல்லாமல் பார்க்கக் கூடாது என்று நானும் காருக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டேன்.

அந்த முக்கால் மணி நேரம் போனதே தெரியவில்லை என்று எழுதினால் பொய். ஒவ்வொரு நிமிடமும் தெரிந்தது. நஸீராவின் தங்கை வந்து அவரைத் "தாத்தா" என்று கூப்பிட்டாள். அவர்கள் வழக்கத்தில் அக்காவுக்கு அதுதான் பெயராம். வேறு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்று தலையை மட்டும் ஆட்டினேன். கோழிக்கறி வாசனை, வட்டிலப்பம் என்கிற தேங்காய்ப்பால் இனிப்பு வேகும் வாசனை, முதுகுக்குப் பின்னால் மண்ணெண்ணெய் வாசனை.

ரிஸ்வான் தொப்பியைக் கழற்றாமலேயே நேரே காரிடம் வந்தார். டார்ச் லைட் அடித்தார். நான் பூதக்கண்ணாடியை எடுத்தேன். இடப்பக்க டவர், மேலிருந்து கீழே. வலப்பக்க டவர், கீழிருந்து மேலே. வெல்டிங்கின் ஓரம், போல்ட் துளைகளைச் சுற்றி, தகட்டின் மூலை. பொடி வெள்ளையாகவே இருந்தது. ஒரு மயிரிழைக் கோடுகூட இல்லை. மறுபடியும் முதலிலிருந்து பார்த்தேன். இத்தனை வருஷம் மலையிலும் குழியிலும் அடி வாங்கிய இரும்பு! கோயிலில் நடை திறந்த மாதிரி, பூதக்கண்ணாடியும் கையுமாகக் கும்பிட்டுவிட்டேன்.

"இல்ல?" என்றார் ரிஸ்வான்.

"இல்லைங்க. ஒண்ணுமே இல்லைங்க."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு அவர் அந்த மட்கார்டின் மேலேயே கையை ஊன்றிக் குனிந்து நின்றார். அப்புறம் எனக்கு வட்டிலப்பம் இரண்டு முறை வந்தது. மூன்றாவது முறை நானே கேட்டேன்.

இதை ஒட்டியது யார் என்று கேட்டேன். "மடுல்கெல்லப் பக்கம் ஒரு தேயில ஃபெக்டரி பாஸ்" என்றார். பாஸ் என்றால் அங்கே முதலாளி இல்லை, கைவேலைக்காரர். "வாப்பாட கூட்டாளி. அவர் மௌத்தாகிட்டார். ஆனா ஃபெக்டரி ஈக்கி. நாளைக்குப் போவமா?"

சனிக்கிழமை காலை பின்சீட்டு இருந்த இடத்தில் உட்காரலாம் என்று பார்த்தேன். குழாய்கள். "வழியில வத்தேகமயில எறக்கணும்" என்றார். வேறு வழியில்லை. முன்சீட்டு, இடப்பக்கம். ஒரு காலை உள்ளே வைத்தேன். உள்ளங்கை நனைந்தது. ரிஸ்வான் பார்த்தும் பார்க்காத மாதிரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லவும் முடியாது, அப்போதுதான் குடித்திருந்தேன். உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவுதான், உட்கார்ந்தேன். அந்த சாமர்த்தியம் டவருடையது, என்னுடையது இல்லை.

வத்தேகம வரைக்கும் தரையைக் காலால் அழுத்திக்கொண்டே வந்தேன். இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கெண்டைக்கால் வலித்தது. பன்விலைக்கு மேலே ரோடு சுருங்கி, ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, இன்னொரு பக்கம் ஒன்றுமில்லை. ஒரு கொண்டை ஊசி வளைவில் பஸ் ஒன்று எதிரே வர, ரிஸ்வான் கிளட்சை மிதித்தார். டங் என்று கேபிள் அறுந்தது. நான் கடவுளைக் கூப்பிட்டேன், பெயர் நினைவில்லை.

ரிஸ்வான் அலட்டிக்கொள்ளவில்லை. இன்ஜினை அணைத்து, பஸ்ஸைப் போகவிட்டு, முதல் கியரில் போட்டுச் சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்டர் மோட்டாரே காரை இழுத்துக் கிளப்பியது. அப்புறம் கிளட்சே இல்லாமல், இன்ஜின் சத்தத்தைக் காதால் பிடித்து, சரியான நொடியில் கியரைத் தள்ளினார். ஒரு கரகர சத்தம்கூட இல்லை. ராலி ஓட்டுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது வரும்? "எப்பவும் அறுற கேபிள்தான் இது, பழகிட்டுது" என்றார். வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். நக்கிள்ஸ் மலைத்தொடர் மேகத்துக்குள்ளிருந்து திடீரென்று பெரிதாக வெளியே வந்தது.

தொழிற்சாலையில் இப்போதைய பாஸ் கனகராஜ். நாற்பது வயதிருக்கும், தோட்டத்துக் குடும்பம், பேச்சு எங்கள் தெற்கத்திப் பேச்சுக்கு ரொம்பப் பக்கம். கார் படத்தைக் காட்டி, இந்த வெல்டிங்கைப் பற்றிக் கேட்க வந்தேன் என்றேன். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதுக்கா இந்தியாவுல இருந்து வந்தீங்க? இது நாங்க ரோலருக்கு ஒட்டுறதுங்க. வாங்க, காட்டுறேன்."

உள்ளே வாடிய கொழுந்தின் வாசனை மூக்கில் ஏறியது. தேயிலையை உருட்டும் மெஷின்கள் வரிசையாக நின்று வட்டம் போட்டு ஆடிக்கொண்டிருந்தன. ஆள் உயரம், எத்தனை எடையோ தெரியாது, மாவாட்டுகிற மாதிரி நிற்காமல் சுழற்சி. காலடியில் தரை அதிர்ந்தது. கனகராஜ் ஒன்றின் காலுக்குக் கீழே குனிந்து டார்ச் அடித்தார். முட்டுக்கொடுத்த தகடு. ஓர் அங்குலம் ஒட்டு, ஓர் அங்குலம் விடு. உருட்டிய மூலைகள். அதே கை! காரில் பார்த்ததை அப்படியே இங்கே வைத்த மாதிரி இருந்தது.

"சுத்தி பூராவும் ஒட்டினா பாக்க அழகா இருக்கும்" என்றார் கனகராஜ், மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தி. "ஆனா தாங்காது. ஒட்டுன ஓரம் பூரா சுட்டுப் போயிருமில்லையா, ஆட ஆட அந்த ஓரத்தோடயே வெடிச்சுக்கிட்டுப் போகும். விட்டு விட்டு ஒட்டினா வெடிக்கிறதுக்குப் பாதை கெடைக்காது. ஒண்ணு விட்டாலும் மத்தது பிடிச்சுக்கும். மூலை கூரா இருந்தாலும் அங்கதான் வெடிக்கும். எங்க ஃபெக்டரியில இத யாரும் சொல்லிக் குடுக்கிறதில்ல, ரெண்டு தரம் ஒடைஞ்சா தானாத் தெரிஞ்சிரும்."

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. காரில் தகடும் தகடும் சேருகிற தையலை விட்டு விட்டு ஒட்டுவது எங்களுக்கும் தெரியும். ஆனால் டவர் முக்கியமான இடம் என்று அண்ணன் தன் கைத்திறமை முழுவதையும் அங்கே கொட்டிவிட்டான். சுற்றிலும் ஒரே கோடு, நாலு கூர் மூலை, கனத்த தகடு. அவனைவிட மட்டமான வெல்டராக இருந்திருந்தால் அப்படி ஒரே கோடாக ஒட்டவே கை வந்திருக்காது. எங்கள் டவர் கிழிந்தது அந்த அழகான கோட்டை ஒட்டித்தான். இதை அவனிடம் எப்படிச் சொல்வது? பெருமை என்றால் அவனுக்கு அது ஒன்றுதான்.

அளந்தேன், படம் எடுத்தேன், வரைந்துகொண்டேன். கனகராஜ் அதற்குள் ஒரு மோட்டார் சைக்கிள் பிரேக் கேபிளை வெட்டி, முனையில் ஈயம் உருக்கி ஊற்றி, கிளட்ச் கேபிள் தயார்செய்துவிட்டார். காசு வேண்டாம் என்றார். ரிஸ்வான் விடவில்லை, இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். கடைசியில் ஒரு பொட்டலம் தேயிலை எங்கள் கைக்கு வந்தது, காசு யார் கைக்குப் போனது என்று நான் பார்க்கவில்லை.

இறங்கும்போது தூறல். ரோடு பளபளத்தது. முதல் நாலு வளைவுக்கு நான் சும்மா இருந்தேன். ஐந்தாவதில் வாய் தன்பாட்டுக்குத் திறந்துகொண்டது. "இடது மூணு. கொஞ்சம் இறுகும். அம்பது. வலது ரெண்டு, உள்ளே வெட்டாதீங்க, கல்லு." காலையில் ஏறும்போதே என் தலை எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்கிறது! ரிஸ்வான் ஒரு கணம் திரும்பிப் பார்த்தார். பிறகு என் குரலுக்கு ஓட்ட ஆரம்பித்தார். வேகமில்லை, முப்பது நாற்பதுதான். ஆனால் நான் சொல்ல, கார் திரும்ப, நான் சொல்ல, கார் திரும்ப. பன்விலை வந்தபோதுதான் கவனித்தேன், கால் தரையை மிதிக்கவில்லை. "வாப்பாக்கும் இப்படி ஒரு ஆள் சொல்றது" என்றார் ரிஸ்வான். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

விடுதிக்குத் திரும்பியபோது மணி ஆறு. மொட்டைமாடியில் நின்றுகொண்டு அண்ணனைக் கூப்பிட்டேன். சுற்றி வளைத்தேன். வட்டிலப்பம் பற்றிச் சொன்னேன், ஆடு பற்றிச் சொன்னேன், ரோலர் பற்றிச் சொன்னேன். ஓர் அங்குலம் ஒட்டு, ஓர் அங்குலம் விடு என்றேன். அப்புறம் மறுபடியும் ஆட்டுக்கே திரும்பினேன்.

"சொல்லு அம்மிணி" என்றான். "என்ற வெல்டிங்னாலதான் கிழிஞ்சுது. அதானே?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அன்னிக்கே தெரியும். உன்னை ஆஸ்பத்திரில விட்டுட்டு வந்து பாத்தேன். என்ற ஒட்டு ஓரத்துலயே கத்தரிச்ச மாதிரி போயிருந்துது."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "தெரிஞ்சுக்கிட்டா என்னை இத்தனை தூரம் அனுப்புனே? அங்கேயே சொல்லித் தொலைச்சிருக்கலாமல்ல?"

"சொல்லிட்டு? நானே மறுபடியும் ஒட்டி, இப்ப சரியாயிருச்சு உக்காருன்னா நீ நம்புவியா? என்னை நம்பித்தான அன்னிக்கும் உக்காந்தே." மூச்சு வாங்கினான். "நீயே பாத்து, நீயே அளந்து, இப்படி ஒட்டுன்னு நீ சொல்லோணும். அதுக்குத்தான் நான் வரலை."

கீழே ஊருக்குள் பஸ் சத்தம். அவன்தான் கேட்டான், ரொம்பச் சின்னக் குரலில்.

"உக்காருவியா?"

"பின்னே? வேற எவ வந்து உக்காருவா உன்ற பக்கத்துல?" என்று கத்தினேன். கீழே விடுதிக்காரர் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். "நான் வந்து அளவு குடுக்கற வரைக்கும் வெல்டிங் டார்ச்சைக் கையில தொடாதே. சொல்லிட்டேன்."

"அதை நான் தொட்டு மூணு மாசமாச்சு அம்மிணி" என்றான் அண்ணன்.